ஷெமீனா மதினி கேட்ட ‘ஆரு?’

இதைக் கையில் எடுப்பவரிடம் முதலில் ஒரு கெஞ்சல். நாளை அஸர் தொழுகை முடியும்வரை இதை யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் தெருவில் யாரிடமும் வேண்டாம், ஜமாஅத்தில் யாரிடமும் வேண்டாம். முக்கியமாக என்னைப் பெற்ற அத்தாவிடமும் அண்ணனிடமும் வேண்டாம். அதற்குப் பிறகு உங்கள் விருப்பம். அதற்குள் நான் என் வாயாலேயே சொல்லியிருப்பேன், அல்லது பயந்து சொல்லாமல் விட்டிருப்பேன். விட்டிருந்தால் இது தேவைப்படும்.

என் அண்ணன் மனைவி ஷெமீனா மதினியைத் தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அவரோடு எம்.ஏ. படித்த தோழிகளுக்கும், கம்பத்தில் எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாயடியில் அவரோடு நின்று சிரித்துப் பேசியவர்களுக்கும். குழாயடியில் இப்போது வேறு பேச்சு பேசுகிறவர்களுக்கும்தான்.

செய்தி எனக்கு வந்தது பள்ளிக்கூடத்தில். இயற்பியல் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் அலுவலக அண்ணன் வந்து நின்று என் பெயரைச் சொன்னார். வெளியே அத்தாவின் தம்பி, சாச்சா, பைக்கை அணைக்காமல் நின்றார். “ஒண்ணுமில்ல ஆத்தா, மதினிக்கு லேசா முடியல, வா” என்றார். அன்று காலை நான் கிளம்பும்போது மதினி ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். தேறிவிட்டார், மாலையில் வந்துவிடுவார் என்று அம்மா சொல்லித்தான் என்னை அனுப்பினார். தெருமுனையில் திரும்பியபோது எங்கள் வீட்டுச் சுவரில் பள்ளிவாசலின் சந்தூக்கைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மையத்து தூக்கும் அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகு யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மதினியின் உம்மா மலையிறங்கி வந்து சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றியிருந்தார்கள். முகத்தை மட்டும் திறந்து காட்டினார்கள். அவர் அழவில்லை. எங்களைச் சுற்றிப் பார்த்து, “என்டெ குஞ்ஞினு எந்தா பற்றியது?” என்று கேட்டார். என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று அர்த்தம். அந்தக் கூடத்தில் மலையாளம் சரளமாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சாச்சி பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவேயில்லை. “காச்சல், காச்சல்” என்று நாலைந்து பெண்கள் தமிழில் சொன்னார்கள். உம்மா அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரம் நினைவிருக்கிறது. காஞ்சிரப்பள்ளிப் பக்கத்து ராவுத்தர் குடும்பம். சொந்தத்துக்குள் சொந்தம் என்று பேசி முடித்த கல்யாணம். அண்ணனுக்கு மலையாளத்தில் நாலு வார்த்தை, மதினிக்குத் தமிழில் சினிமாவில் கேட்ட நாலு வார்த்தை. விருந்துக்கு ஆட்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில் அத்தா உள்ளே வர, மதினி எழுந்து நின்று மரியாதையாக, “அத்தா வந்தான்” என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தாதான் முதலில் சிரித்தார். “இந்தப் புள்ள ஒண்ணுதாம்யா என்னய வாலிபப் பயன்னு சொல்லுது” என்றார்.

அன்றைக்கு அடுப்படியில் நான் மதினிக்கு ‘வந்தாக’ சொல்லிக் கொடுத்தேன். புத்தகத்தில் வந்தார்கள், எங்கள் ஊரில் வந்தாக. அவருக்கு அந்த ‘ஆக’ மிகவும் பிடித்துப்போனது. பூனைக்குக்கூடச் சொல்வார்: “மோளே, பூச்சை வந்தாக, பால் குடிச்சாக.” பதிலுக்கு எனக்கு மலையாளம். ஞான் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு. நான் வந்தாலும் அவள் வந்தாலும் அவர்கள் வந்தாலும் வினைச்சொல் ஒன்றுதான், வால் மாறாது. எனக்கு அது ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. “அப்ப ஆரு வந்தாகன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். மதினி சொன்னார்: “உங்க வினைச்சொல் ஆதார் கார்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நடக்குது. எங்களது முக்காடு போட்டுப் போகும். ஆருன்னு தெரியணும்னா நீதான் கூப்பிட்டுக் கேக்கணும்.”

அவர் எனக்கு டீச்சராக இருக்கவில்லை. அரிவாள்மனையைக் காலுக்கடியில் வைத்து மீன் நறுக்கிக்கொண்டே என்னோடு சண்டை போடுவார், அவ்வளவுதான். ஒருநாள் நான் எரிச்சலில் இருந்தேன். மதரசாவில் அரபு சொல்லித்தரும் ஆலிமா சொற்கள் மூன்று வகை என்றார்: பெயருக்கு இஸ்மு, வினைக்கு ஃபிஅலு, மற்றதற்கு ஹர்ஃபு. தமிழ் ஐயா நான்கு என்றார்: பெயர், வினை, இடை, உரி. ஆங்கில மிஸ் எட்டு என்றார். “இதுல ஆரு பொய் சொல்றாக?” என்று கேட்டேன். மதினி அஞ்சறைப்பெட்டியைத் திறந்து காட்டினார். எங்கள் வீட்டுப் பெட்டியில் கடுகும் உளுந்தும் ஒரே கிண்ணத்தில் கிடக்கும், தாளிக்கும்போது இரண்டும் சேர்ந்தே விழுவதால். அவருடைய உம்மா வீட்டில் கடுகு தனி, உளுந்து தனி. “சரக்கு ஒண்ணுதான் மோளே. எது எதோட சேர்ந்து சட்டியில விழுதுன்னு பாத்து அந்தந்த வீட்டுல கிண்ணம் வைக்கிறாக. ஆனா எந்த வீட்டுப் பெட்டியிலயும் வினைக்கு ஒரு கிண்ணம் உண்டு. அது இல்லாத வீடு நான் பாக்கலை” என்றார். அம்மா அடுப்பிலிருந்து திரும்பி, “பேசுனது போதும், அந்தக் கடுகை இங்கன தள்ளுங்க ரெண்டு பேரும்” என்றார்.

இன்னொரு நாள் மழை. ஆங்கிலத்தில் ‘இட் இஸ் ரெய்னிங்’ என்கிறார்களே, அந்த ‘இட்’ யார் என்று கேட்டேன். நம்மிடம் மழை பெய்கிறது, மழைதான் பெய்கிறது. அவர்களிடம் எது பெய்கிறது? மதினி சிரித்தார். “தேனி பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிப்பாகல்ல, அதுதான் அந்த ‘இட்’. ஆள் இல்லை. ஆனா சீட் காலியா இருக்கக் கூடாது. இங்கிலீஷ்ல முன் சீட்டுல ஆள் இல்லாம வண்டி எடுக்க மாட்டாக.” இப்போதும் வகுப்பில் அந்தச் சொல் வந்தால் எனக்கு நீலக்கோடு போட்ட துண்டு ஒன்று தெரிகிறது.

‘எனக்குப் பசிக்குது’ என்பதை ஆங்கிலத்தில் ‘நான் பசியாக இருக்கிறேன்’ என்பதுபோலத்தான் சொல்ல முடியும் என்றும், தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் பசி நமக்கு வருகிறது என்றும் அவர்தான் காட்டினார். எனக்கு, எனிக்கு, முஜே. பசி, தூக்கம், காய்ச்சல், பயம் எல்லாம் இந்த வரிசை. நாம் அவற்றைச் செய்வதில்லை. அவை நம்மைத் தேடி வருகின்றன. “அதனால பயம் வந்தா வெக்கப்படாதே. நீ செஞ்சதில்லை அது” என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் அதைச் செய்யவில்லை.

கூடத்தில் அத்தா இருமினார். கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன்.

தூங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

‘ஆரு?’ என்ற கேள்வி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். மதரசாவில் அரபு வினையில் ஒரு வகை படித்தேன். செய்தவரைச் சொல்லாமல் செயலை மட்டும் சொல்லும் வினை. அதற்கு மஜ்ஹூல் என்று பெயர், ‘அறியப்படாதது’ என்று பொருள். மதினிக்கு இது தெரியாது. நான் சொன்னதும் மீனை அப்படியே விட்டுவிட்டு, கை கழுவாமல் எழுந்து வந்தார். “எத்தனை நேர்மையான பெயர்! செய்யப்பட்டதுன்னு சொல்லலை, செஞ்ச ஆளைத் தெரியலைன்னு பெயர்லயே சொல்லிட்டாக” என்றார். அன்று முதல் வீட்டில் அவருக்கு அது ஒரு விளையாட்டு. “பால் பொங்கிருச்சு” என்பார் அம்மா. மதினி, “ஆரு?” என்பார். “ஆரா? கேஸ் அடுப்புதான்!” “கிளாஸ் உடைஞ்சிருச்சு” என்பான் அண்ணன். “ஆரு?” “ஏலே, இந்தப் பூனையப் பிடிச்சுக் கேளுங்கடா!” அண்ணன் தெருவையே கூப்பிட்டுச் சொல்வான். யார் என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சிலும் மலையாளத்திலும் ‘ஆரு’ என்று ஒரே சொல். மதினிக்கு இங்கே யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவைப்படாத சொல் அது ஒன்றுதான்.

அவர் விளையாட்டாகச் சொன்ன ஒன்றை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. “வாக்கியத்துல ஆள் காணலைன்னா ஆளே இல்லைன்னு அர்த்தமில்லை மோளே. எந்திரிச்சுப் போயிருக்காகன்னு அர்த்தம்.”

இனித் தோட்டம். இதைத்தான் எழுத வந்தேன்.

எங்களுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். மருந்தடித்த பந்தலுக்குள் ஈரம் காய்ந்து வாடை போகும்வரை நுழையக் கூடாது என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வியாபாரி முன்கூட்டி வருகிறேன் என்று போன் செய்துவிட்டால் அதை எல்லோரும் மறப்பதும் எல்லோருக்கும் தெரியும். அன்று அப்படித்தான் ஆனது. மருந்தடித்த மறுநாள் காலை வியாபாரி போன் செய்தார். கொத்துகளில் அழுகல் பழத்தைக் கத்தரித்து எடுத்துத் தயாராக வைக்க வேண்டும். வழக்கமாக வரும் பெண்கள் வேலிவரை வந்து, “வாடை தலையச் சுத்துது, எங்களால ஆகாது” என்று திரும்பிப் போய்விட்டார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்தான். நான் பள்ளிக்குப் பை எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் என் காதால் கேட்டதுதான்.

மதினி சொன்னார்: “அந்த டப்பாவுல உள்ள போகக் கூடாதுன்னு எழுதியிருக்கு. நான் வாசிச்சேன்.”

“அதெல்லாம் எல்லா டப்பாவுலயும் எழுதுவான். அம்மாவும் வர்றாக. ஒரு மணி நேரம் ஷெமீ, பழம் போச்சுன்னா வருசமே போச்சு.”

மதினி துப்பட்டாவை மூக்கின் மேல் கட்டிக்கொண்டார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “தோட்டத்துக்குப் போறாக” என்று தன்னையே மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

கொத்து வெட்டுகிறவர் அண்ணாந்துதான் நிற்க வேண்டும். கை மேலே, முகம் மேலே. இலையில் தங்கியது பனி ஈரத்தோடு முகத்தில்தான் சொட்டும். அம்மா சமைக்க வேண்டும் என்று சீக்கிரமே திரும்பிவிட்டார். மதினி வரிசையை முடித்துவிட்டு வருகிறேன் என்று நின்றுவிட்டார். ஒரு மணி நேரம் பகல் முழுவதும் ஆகிவிட்டது.

நான் மாலையில் வந்தபோது கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கை தோள்வரை நனைந்திருந்தது. வேர்த்து ஊற்றியது, வாயில் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது, விரல்கள் தானாகத் துடித்தன. “மோளே, எல்லாம் மங்கலா இருக்கு. இலையெல்லாம் மேல சொட்டுது, இன்னும் சொட்டுது” என்றார். பிறகு வாந்தி எடுத்தார். நான் கத்தினேன். அண்ணனும் அத்தாவும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னை ஏற்றவில்லை.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். அவர்கள் மேல் பிழையில்லை. அங்கே நடந்ததை நேற்று மோட்டார் ரூமில் அண்ணனே என்னிடம் சொன்னான். நான் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதற்காகக் கூப்பிட்டவன், சொல்லி முடிக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

“நாளான்னைக்கு உம்மாவும் அவுக மாமாவும் வர்றாக. ஜமாஅத்துல ரெண்டு பேரும் உக்காருவாக. நீதான் ரெண்டு பக்கமும் பேசணும். காச்சல்னு சொல்லு. ரெண்டு நாளா இருந்துச்சுன்னு சொல்லு.”

“ரெண்டு நாளா இல்லையேண்ணே.”

“நீ சொல்லு.”

“டாக்டர் கேக்கலையா?”

அவன் ஸ்டார்ட்டர் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டான். “கேட்டாக. பூச்சிமருந்து ஏதும் மேல பட்டுச்சா, குடிச்சுச்சான்னு நேராவே கேட்டாக. வழியிலயே அத்தா சொல்லிட்டாக, மருந்துப் பேச்சை எடுத்தா கேஸாயிரும், மேலத்தெருவுல அந்த மருமக செத்தப்ப ஆர்டிஓ விசாரணைன்னு வீட்டோட அலைஞ்சாகல்ல, அதமாதிரி ஆயிரும்னு. கல்யாணமாகி ரெண்டு வருசம்தான் ஆகுது, வரதட்சணை, கொடுமைன்னு எழுதிருவாகன்னு. நான் இல்லேன்னு சொன்னேன். சும்மா காச்சலு, வாந்தின்னேன். ட்ரிப்ஸ் போட்டாக.” பிறகு சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டான். “அதுக்கு மாத்து ஊசி இருக்காம்ல. பொறவு ஒரு நர்ஸம்மா சொன்னுச்சு. பட்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமாம்.”

என் அண்ணன் கெட்டவன் இல்லை. மதினியின் செருப்பை இன்னும் வாசலை விட்டு எடுக்க விடமாட்டேன் என்கிறான். அத்தாவும் கெட்டவர் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் மஜ்ஹூலில்தான் பேசுகிறோம். காய்ச்சல் வந்துருச்சு. நேரமாயிருச்சு. முடிஞ்சு போச்சு. ஒரு வாக்கியத்திலும் ஆள் இல்லை. கேட்பதற்கு அடுப்படியில் மதினியும் இல்லை.

எங்கள் வாக்கியத்தில் ஆள் இல்லாத இடத்தில் தெரு ஓர் ஆளை உட்கார வைத்துவிட்டது. காய்ச்சலுக்கு வாயில் நுரை வருமா என்று யாரோ கேட்டார்கள். குழாயடியில் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது: “மலையாளத்துப் புள்ள மருந்தக் குடிச்சிருச்சாம்ல. இவுக மறைக்கிறாக.” “படிச்ச திமிரு. இங்கன ஒட்டல.” நான் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பேச்சு ஜீப்பேறி மலையும் தாண்டிவிட்டது. முந்தாநாள் மதினியின் போன் ஒலித்தது. அது என் பையில்தான் இருக்கிறது. உம்மா. என் குரலைக் கேட்டதும் மெதுவாகக் கேட்டார். அவர் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்: “மோளே, அவள் தானாகவே செய்துகொண்டாளா? உண்மையைச் சொல். எனக்குத் தெரியாமல் நான் அல்லாஹ்விடம் என்னவென்று துஆ கேட்பது?” பின்னால் அத்தா நடந்து வரும் சத்தம் கேட்டது. நான் போனை அணைத்துவிட்டேன்.

நாளை உம்மா வருகிறார். எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்குப் பாதிதான் பிடிபடும். நான் காய்ச்சல் என்றால் அவர் நம்பமாட்டார். தன் மகள் பூச்சிமருந்தைக் குடித்தாள் என்று நம்பிக்கொண்டு மலையேறுவார். சாகும்வரை அப்படியே நம்புவார். நான் உண்மையைச் சொன்னால் அண்ணனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. போலீஸ் வருமா, தெரியாது. என்னைப் பள்ளிக்கு அனுப்புவார்களா, அதுவும் தெரியாது. “நான் சொல்றதை மட்டும் அந்தப் பாஷையில மாத்து, அதுக்கு மேல வாயத் தொறந்த…” என்று அத்தா சாப்பிடும்போது சொல்லிப் பாதியில் நிறுத்தினார்.

அதனால் சொல்ல வேண்டியதை முன்பே தயார் செய்துகொண்டிருக்கிறேன். மலையாள வினை ஆளைக் காட்டாது, ஆகவே ஆளை நானே கூட்டிவந்து முன்னால் நிறுத்த வேண்டும். ஞங்ஙளாணு அவளெ தோட்டத்திலேக்கு அயச்சது. நாங்கள்தான் அவரைத் தோட்டத்துக்கு அனுப்பினோம். நாங்கள்தான் டாக்டரிடம் மறைத்தோம். அவர் எதையும் குடிக்கவில்லை. வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். இரண்டாவது வாக்கியத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

மதினியிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால், புத்தகங்களை உம்மா எடுத்துப் போவார், வளையல்களும் போகும். என்னிடம் இருப்பது ஒரு கேள்வி. எந்த மொழியில் யார் என்ன சொன்னாலும் முதலில் வினையைப் பிடிப்பேன். பிறகு ‘ஆரு?’ என்று கேட்பேன். அடுத்தவரிடம் கேட்பதற்கு முன் என் வீட்டில் கேட்பேன். நாளை

கதவைத் தட்டுகிறார்கள்.

அத்தாவின் தட்டல் இல்லை. மெதுவாகக் கேட்கிறது. அண்ணன்தான். கதவை ஒட்டி நின்று பேசுகிறான்.

“ஆத்தா, முழிச்சிருக்கியா? ‘அனுப்புனேன்’ங்கிறதுக்கு உம்மா பாஷையில என்ன வார்த்தை?”